ஓட்டுநர் இல்லாத ரயில்

தாமான் பஹகியா நிலையத்தில்
லிஃப்ட் பழுது என்று மஞ்சள் பலகை.
ஐமானைச் சக்கர நாற்காலியோடு
நாலு பேர் தூக்கினோம்.
"அங்கிள், நான் கனமா?"
ஒரு சிமெண்டு மூட்டை இருப்பாய் என்றேன்.
"நாற்காலியோடா, இல்லாமலா?"
மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை.

பள்ளி விடுமுறையின் இரண்டாம் வாரம்.
ஏழு பிள்ளைகள், ஏழு ஆரஞ்சுச் சட்டைகள்,
ஒவ்வொரு முதுகிலும் ஃபாராவின் தொலைபேசி எண்.
காதுமூடிகள், மாற்றுத் துணி,
பிஸ்கட்டுக்கு ஒரு கெட்டி டப்பா;
உடைந்த பிஸ்கட்டை வெய் சுன் தொடமாட்டான்.
என் மகள் ஷர்வினிக்கு
என் சட்டையின் கீழ்நுனி போதும்,
பிடித்துக்கொள்வாள்.
ஒன்பது வயது. பேச்சு வரவில்லை.
வராது என்று யாரும் சொன்னதில்லை.
வரும் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

போன விடுமுறையில்
பேரங்காடியின் மூன்றாம் மாடியில்
பந்துகள் நிரம்பிய விளையாட்டுக் கூடம்.
பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
கவுண்டர் பெண் நல்லவள், குரலை உயர்த்தவில்லை.
மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றாள்.
இருபத்தெட்டு வெள்ளியை
புதுத் தாளாய்ப் பார்த்து எண்ணி
என் கையில் திருப்பி வைத்தாள்.
காசு திரும்பி வந்துவிட்டால்
நாம் வந்ததே இல்லை என்றாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு விடுமுறை என்றால் என் லாரிதான்.
கிள்ளான் துறைமுகம், ரவாங், நீலாய்.
பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு
ஒரு சத்தமில்லாமல் வருவாள்.
சாலையைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ரயில் வந்தது. இதற்கு ஓட்டுநர் கிடையாது.
முதல் பெட்டியின் மூக்கு முழுக்கக் கண்ணாடி,
தண்டவாளம், வெயில்.
அங்கே நின்ற இளைஞன்
போனிலிருந்து தலை தூக்கினான்,
நாற்காலியைப் பார்த்தான், நகர்ந்தான்.
ஐமானுக்கு இடம். ஒட்டி ஷர்வினி.

வெய் சுன் அறிவிப்புக் குரலை
அரை நொடி முந்தினான்.
ஸ்தேசென் பெரிகுத்ஞா, பங்சார்.
ஸ்தேசென் பெரிகுத்ஞா, கேஎல் சென்ட்ரல்.
எதிரே இருந்த மலாய்க்கார அம்மா
இறங்குமிடத்தை அவனிடமே கேட்டுக்கொண்டார்.

பாசார் செனி தாண்டியதும்
ரயில் வெயிலை விட்டு மண்ணுக்குள் இறங்கியது.
சுரங்க விளக்குகள் ஒவ்வொன்றாய் முகத்தில் அடிக்க
ஷர்வினி கத்தினாள்.
பெட்டியே திரும்பியது.
அந்தத் திரும்பல் எனக்குப் பழக்கம்.
வாய் மன்னிப்புக்குத் தயாராகிவிட்டது.
"பாங்," என்றாள் ஃபாரா,
"இது சிரிப்பு."

கேஎல்சிசி. மீன்காட்சிக்கு இறங்க வேண்டும்.
கதவு திறந்தது. ஷர்வினி
கம்பியைக் கட்டிக்கொண்டாள்.
என் சட்டைநுனி சும்மா தொங்கியது.
"நானும் வரல," என்றான் ஐமான்.
கதவு மூடும் மணிக்குள் ஃபாரா முடிவெடுத்தாள்:
மீன் வேண்டியவர்கள் என்னோடு,
ரயில் வேண்டியவர்கள் பாங்கோடு.
வெய் சுன் ஒரு காலை வெளியே வைத்தான்,
பிறகு உள்ளே எடுத்துக்கொண்டான்.
அறிவிப்பை யார் சொல்வது?

கோம்பாக் வரை போனோம். திரும்பினோம்.
இன்னொரு தடவை போனோம்.
சுரங்கம் முடிந்து வெளிச்சத்துக்கு ஏறும் இடத்தில்
அவள் இரு கையும் தூக்கி
இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்தாள்.
விரலால் தட்டி சிக்னல் போட்டாள்.
வளைவில் கீழுதட்டை மடித்தாள், என்னைப் போலவே,
இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு பார்வை, என்னைப் போலவே.
இத்தனை நாள் சாலையையா பார்த்தாள்?
"அங்கிள், இவளுக்கு லைசென்ஸ் இருக்கா?"
இருக்கு என்றேன்.
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஒரு பயணியாய் நின்றேன்.

மாலையில் ஃபாரா கணக்குப் பார்த்தாள்.
நாலு டிக்கெட் மீதி.
பணம் திருப்பிக் கேட்டுப் பார்க்கட்டுமா?
வேண்டாம். டிக்கெட்டாகவே இருக்கட்டும்.
மீன் எங்கே போய்விடும்.

தாமான் பஹகியாவில் லிஃப்ட் இன்னும் பழுது.
தூக்கினோம்.
"இப்ப ஒன்றரை மூட்டை," என்றான் ஐமான்,
"நாசி லெமாக் சாப்பிட்டேன்."